வாசலில் வைத்த வரிசை

கரும்புத் தோகை மூஞ்சியில உரசுதாம்மா? இருங்க, இந்தப் பக்கமாச் சாச்சுக்கறேன். ஏறும்போதே கண்டக்டர் தம்பி கத்துனாரு, பின்னாடி படிக்கட்டுகிட்ட போடுங்கன்னு. வரிசைக் கரும்பக் கொண்டு போயி படிக்கட்டுலயா போடுறது? ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் மிதிச்சிட்டுப் போவான். கரும்புக்கும் ஒரு டிக்கெட்டு கிழிச்சுக்கப்பான்னு சொல்லிட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு.

நீங்க எங்க எறங்கணும்? பூவாணிக்காடு பிரிவா? அட, நானும் அங்கதாம்மா. நல்லதாப் போச்சு. வரும்போது ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் வந்து எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. பொண்ணு பாக்க வந்தது. அப்பல்லாம் பட்டுக்கோட்டை தாண்டுனா ரெண்டு பக்கமும் தென்ன மரமா நிக்கும், வெயிலே தெரியாது. அதுதான் எனக்கு அடையாளம். இப்ப எங்க எறங்குறதுன்னே தெரியல.

ஆமா, பொங்க வரிசைதான். பானை வெண்கலம். தூக்கிப் பாருங்க, கனத்தைத் தெரிஞ்சுக்குவீங்க. கும்பகோணத்துல எடுத்தது. மவ வீட்டுக்கான்னு கேக்குறீங்க. தஞ்சாவூர் ஸ்டாண்டுல பூக்காரம்மாவும் அதத்தான் கேட்டுச்சு. ஆமான்னு தலையாட்டிட்டேன். உங்ககிட்ட என்னத்துக்குப் பொய்யி? எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. மவ இல்லம்மா. எனக்கு ஒரே மவன். இது என் மருமவளப் பெத்தவங்களுக்கு.

மாப்ள வீட்டுலேருந்து பொண்ணு வீட்டுக்குப் பொங்க வரிசை போறத எங்கயாவது கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்ல. அறுபத்திரெண்டு வயசாவுது. எங்க தெருவுல தெரிஞ்சா கைகொட்டிச் சிரிப்பாளுவ. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. பட்டுக்கோட்டையில கண்ணு டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பானைய முந்தாநாளே அடுத்த தெருவுல ஒரு வீட்டுல குடுத்து வச்சிட்டேன். போகியன்னிக்கு எந்தக் கண்ணு டாக்டருடின்னு எங்க வீட்டுக்காரரு கேக்கல. அவரு இப்பல்லாம் என்னைய எதையும் கேக்குறதில்ல.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் தப்பா ஒண்ணும் செஞ்சிடல. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

கஜாப் புயலு அடிச்சப்ப நீங்க இங்கதான இருந்தீங்க? ம்... உங்களுக்கு நான் சொல்லணுமா. உங்க வீடு? ஓடு பூரா போச்சா? மரம் எத்தன? ஐயோ. சரி விடுங்க, ஞாபகப்படுத்துறேன் பாருங்க நான் ஒருத்தி. எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நாங்க திருக்காட்டுப்பள்ளி பக்கம். நாலு வாழ சாஞ்சுது, ஒரு நாளு கரண்டு இல்ல, அவ்வளவுதான்.

என் மருமவ சுகந்திதான் விடிஞ்சதுலேருந்து போனக் கையில வச்சிக்கிட்டு அலையுது. அப்பாவுக்குப் போனு போவல, அம்மாவுக்குப் போவல. மூணாம் நாளு என் மவன் செழியன் வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பினான். ரோட்டுல மரமா கெடக்கு, வண்டியத் தள்ளித் தள்ளிக்கிட்டே போனானாம். போயிப் பாத்தா, வீட்டு மேல ரெண்டு தென்ன மரம் குறுக்க விழுந்து கெடக்கு. நூத்து இருவது மரத் தோப்புல நிக்கிறது ஏழு. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பள்ளிக்கூடத்து வராந்தாவுல ஒரு கன்னுக்குட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. தாய்ப் பசு மரத்துக்கு அடியில போயிடுச்சு.

மவன் போன் பண்ணி விஷயத்தச் சொன்னதும் என் வாயிலேருந்து வந்த மொத வார்த்த என்னா தெரியுமா? "கூட்டிக்கிட்டு வாடா. நம்ம வீடு இல்லையா?" நான்தாம்மா சொன்னேன். எங்க வீட்டுக்காரரு சொல்லல, சுகந்தி கேக்கல. நான் சொன்னேன். இத நீங்க மறந்துடாதீங்க.

அவரு வரமாட்டேன்னுட்டாரு. கலியமூர்த்தின்னு பேரு, சரியான ரோசக்காரரு. பொண்ணு குடுத்த வீட்டுல போயி ராத்தங்குறது எங்க வழக்கத்துல இல்லன்னாரு. வாஸ்தவந்தான். வருஷா வருஷம் வரிசை கொண்டாருவாரு, ஒரு வா மோரு குடிப்பாரு, அடுத்த பஸ்ஸப் புடிச்சிடுவாரு. கை நனைக்க மாட்டாரு. நான்தான் போனுல பேசினேன். "சம்பந்தி, உங்க மவ வீடுன்னு நெனைக்காதீங்க, கூடப் பொறந்தவ வீடுன்னு நெனச்சு வாங்க"ன்னேன். அதுக்கப்பறந்தான் வந்தாரு. ஒரு துணிப்பை, அந்தக் கன்னுக்குட்டி. அதான் மொத்தமும்.

வந்தவங்கள நல்லாத்தாம்மா வச்சிருந்தேன். மாடியில ஒரு ரூம்பு இருக்கு, ஏசி போட்டது. ஆனா வயசானவங்க, படி ஏறி எறங்கணும், முட்டி வலிக்கும்னு, கொல்லப்பக்கம் நெல்லு மூட்ட போட்டு வைக்கிற ரூம்ப ஒழிச்சுக் குடுத்தேன். காத்தோட்டமா இருக்கும். கன்னுக்குட்டியும் பக்கத்துல. இப்ப நெனச்சுப் பாத்தா, தென்ன மரம் ஏறுற மனுஷனுக்கு மாடிப்படி ஏற முட்டி வலிக்குமான்னு தோணுது. அப்பத் தோணல.

அவரு சும்மா இருக்க மாட்டாரு. காலையில எந்திரிச்சா வேலி கட்டிக்கிட்டிருப்பாரு. வெறகு பொளந்து அடுக்கி வச்சிருப்பாரு. நான் ஒரு நாளும் செய்யுங்கன்னு சொன்னதில்ல. அந்தப் பக்கம் வேலி சரிஞ்சு கெடக்குன்னு சொல்லுவேன், அவ்வளவுதான். சம்பந்தியம்மா காசியம்மா, அது பாவம் வாயே தொறக்காது. நான் எந்திரிக்கிறதுக்குள்ள பாத்திரம் பூரா கழுவிக் கவுத்திடும். "எதுக்கு சம்பந்தி"ன்னு கேப்பேன். "கை சும்மா இருக்கு"ன்னு சொல்லும். நாலாம் நாளுலேருந்து கேக்குறத விட்டுட்டேன். வேலைக்கு வந்துக்கிட்டிருந்த பொம்பளையும் மாசத்தோட நிறுத்திக்கிட்டா. நான் நிறுத்தல, அவளாத்தான்.

சாப்பாட்ட மட்டும் சொல்லணும். அவரு தட்டப் பாத்தபடியே சாப்பிடுவாரு. ஒரு கரண்டி கூட வச்சா கைய மறிச்சிடுவாரு. நான் அதயும் வெளையாட்டாச் சொல்லுவேன், "எங்க சம்பந்திக்கு வயிறு சின்னது, நமக்கு அதுவும் லாபந்தான்"னு. வெளையாட்டுக்கும்மா.

ஊருல எல்லாரும் பாக்க வந்தாங்க. வரத்தான செய்வாங்க? புயல்ல அடிபட்டவங்க ஒரு வீட்டுல இருந்தா நாலு பேரு வந்து விசாரிக்கிறது வழக்கந்தான். வந்தவங்கள உக்கார வச்சு, காப்பி குடுத்து, கொல்லப்பக்கம் கொரல் குடுப்பேன். "சம்பந்தி, கொஞ்சம் வாங்க. அந்தக் காத்தடிச்சதச் சொல்லுங்க." வருவாரு. துண்டத் தோள்லேருந்து எடுத்துக் கையில வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே சொல்லுவாரு. மொதல்ல ஒரு பக்கமா அடிச்சுது, அப்பறம் சத்தமே இல்லாம நின்னுச்சு, விட்டுடுச்சுன்னு வெளிய வந்தோம், அப்பறம் எதிர்ப்பக்கமா அடிச்சுது பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சுன்னு. மாடு கத்துன கதையச் சொல்லுவாரு. கேக்குறவங்க கண்ணு கலங்கிடும். எனக்கும் கலங்கும், எத்தன தடவ கேட்டாலும்.

பத்துத் தடவ சொல்லியிருப்பாரு. அப்பறம் அப்பறம் சுருக்கிக்கிட்டே வந்தாரு. ஒரு நாளு எங்க மகளிர் குழுவுலேருந்து வந்திருந்தாங்க. மாட்டுக் கதையச் சொல்லாமயே முடிச்சிட்டாரு. நான், "மாட்ட விட்டுட்டீங்களே சம்பந்தி"ன்னேன்.

எடுத்துக் குடுத்தேம்மா. நல்ல எண்ணத்துலதான் எடுத்துக் குடுத்தேன். அவரு கொஞ்ச நேரம் என்னையப் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு. முழுசாச் சொன்னாரு. குழுவுல அன்னிக்கே ரெண்டு போர்வையக் குடுத்துப் போட்டோ புடிச்சுக்கிட்டாங்க. அவரு கையில வாங்கல. "வாங்கிக்கங்க சம்பந்தி, நம்மளுவதான்"னு நான் வாங்கி அவரு தோள்ல போட்டேன். அந்தப் போட்டோவுல நான்தான் நடுவுல நிக்கிறேன்.

ஒரத்தநாடு தாண்டிடுச்சா? இன்னும் இருக்கா, சரி.

மார்கழி இப்படியே போச்சு. பொங்கலுக்கு மூணு நாளு இருக்கு. என் நாத்தனா ராஜாமணி வந்திருந்தா. அவளுக்கு வாயில வசம்ப வச்சுத்தான் தேய்க்கணும். முத்தத்துல உக்காந்து நாலஞ்சு பொம்பளைங்க மொச்சக்கொட்ட உரிச்சிக்கிட்டிருக்கோம். அவ கேக்குறா, "அண்ணி, இந்த வருஷம் சம்பந்தி வரிசை எப்புடி, எங்கேருந்து வருது?"

நீங்க தெரிஞ்சுக்கணும், எங்க சம்பந்தி வரிசைன்னா எங்க தெருவே வாசலுக்கு வந்து நிக்கும். தலப்பொங்கலுக்கு வெண்கலப் பானை, கரும்பு, மஞ்சக்கொத்து, வாழத்தாரு, பரங்கிக்காயி, நூறு தேங்கா. அவரு தோப்புத் தேங்கா, ஒண்ணொண்ணும் புள்ளத் தலையாட்டம் இருக்கும். அடுத்த வருஷமும் கொறைக்கல. நான் அந்தத் தேங்காய வீடு வீடாக் குடுத்தனுப்பி, "எங்க சம்பந்தி தோப்பு"ன்னு சொல்லுவேன். அதுல எனக்குப் பெரும இல்லாம இருக்குமா?

அவ அப்புடிக் கேக்கவும் எல்லாரும் என் வாயப் பாக்குறாளுவ. நானும் சிரிச்சிக்கிட்டே, "என்னத்த, கொல்லையிலேருந்து வாசலுக்கு வரணும். அவ்வளவு தூரந்தான்"னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. நிமிந்து பாக்குறேன், நடையில கலியமூர்த்தி நிக்கிறாரு, கன்னுக்குட்டிக்குத் தவிடு எடுக்க வந்தவரு. அவரும் சிரிச்சாரும்மா. நெசமாச் சொல்றேன், அவரும் சிரிச்சாரு. சிரிச்ச மனுஷனுக்கு வலிச்சிருக்கும்னு எனக்கு எப்புடித் தெரியும்?

மறுநாக் காலையில ரெண்டு பேரும் குளிச்சுக் கெளம்பி நிக்கிறாங்க. "ஊருல ஒரு வேல, போயிட்டு வந்துடுறோம்"னாரு. நானும் சரின்னுட்டேன். மனசுக்குள்ள, போயிட்டு வரட்டும், பொங்க வேல தலைக்கு மேல கெடக்கு, ரெண்டு நாளு வீடு நம்ம வீடா இருக்கட்டும்னுதான் இருந்துச்சு. ஆமா, அப்புடித்தான் இருந்துச்சு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப் போவுது.

போகியன்னிக்குப் பத்து மணி இருக்கும். எங்க தெருவுல போகியன்னிக்குக் கோலம்னா சும்மா இல்ல, யாரு கோலம் பெருசுன்னு நடந்து நடந்து பாப்பாங்க. நான் இருவத்தொரு புள்ளி வச்சு, கலருப் பொடி போட்டு அப்பத்தான் முடிச்சு நிமிந்தேன். ராஜாமணியும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களும் நின்னு பாத்துக்கிட்டிருக்காங்க. தெரு முனையில ரெண்டு பேரு வராங்க. அவரு தலையில ஒரு தட்டு, அந்தம்மா கையில ஒரு தட்டு. வரிசை கொண்டாரவங்க எப்புடி வருவாங்களோ அப்புடி, நிமிந்து, நடுத்தெருவுல.

எங்க பக்கத்து மொறை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வரிசை கொண்டாந்தவங்க தெருவுல நிப்பாங்க. வீட்டுக்காரி செம்புத் தண்ணியும் ஆரத்தித் தட்டும் எடுத்தாந்து, வாங்கன்னு சொல்லி, வரிசைத் தட்ட ரெண்டு கையாலயும் வாங்கணும். அதுக்கப்பறந்தான் அவங்க வாசப்படி மிதிப்பாங்க. எங்க வீட்டுக் கொல்லையில ரெண்டு மாசமாப் படுத்து எந்திரிச்ச மனுஷன், கோலத்துக்கு வெளிய, தெருவுல நின்னாரு. நான் கூப்புடட்டும்னு நின்னாரு.

நான் தட்டப் பாத்தேன். பச்சரிசி, ரேஷன் கடைப் பொட்டலம். பொங்கலுக்குக் கார்டுக்குக் குடுப்பாங்கல்ல, அது. அந்த ரெண்டடிக் கரும்புத் துண்டு. கடையில குடுத்த சக்கர, முந்திரி, ஏலக்கா, பொட்டலம் பிரிக்காம. வேட்டி சேலையும் கார்டுக்குக் குடுக்குறதுதான். எந்தெந்த சனமோ உடுத்துற அதே கலரு. இன்னொரு தட்டுல தேங்கா. விழுந்து கெடந்த மரத்துக்கடியில ரெண்டு மாசமாக் கெடந்த தேங்கா, மொளச்சிருந்துச்சு. மொளையோடயே மஞ்சத் தடவி, பொட்டு வச்சு அடுக்கியிருந்தாங்க. ஒம்போது தேங்கா.

அவரு கார்டு அவரு ஊருல. அதுக்காகத்தான் போயிருக்காரு. கியூவுல நின்னு வாங்கிட்டு வந்திருக்காரு.

எனக்கு ராஜாமணி நிக்கிறதுதாம்மா தெரிஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பொட்டலத்த உத்துப் பாக்குறது தெரிஞ்சுது. நூறு தேங்கா வந்த வாசலு இது, இவரு ரேஷன் அரிசியத் தலையில வச்சு நடுத்தெருவுல கொண்டாந்து என்னையச் சந்தி சிரிக்க வைக்கிறாரேன்னு. அப்புடித்தான் நெனச்சேன். என்னைய அவமானப்படுத்துறாருன்னு நெனச்சேன்.

"என்ன சம்பந்தி, இதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னேன். நான் சுத்துமுத்தும் பாத்தேன். அப்பறம் சொன்னேன். "வாசல்ல கோலம் ஈரமா இருக்கு, கலைஞ்சிடும். கொல்லப்பக்கமாச் சுத்திக் கொண்டாந்துடுங்க."

...

கோலம் காய்ஞ்சிருந்துச்சும்மா. கலருப் பொடிக் கோலத்துல என்னா ஈரம் இருக்கும்.

அவரு தட்டத் தலையிலேருந்து எறக்கி, கோலத்துக்கு வெளிய, தெரு மண்ணுல வச்சாரு. ஒரு கோடு கூடக் கலையல. காசியம்மாவும் பக்கத்துல அதே மாதிரி வச்சுது. உள்ளேருந்து சுகந்தி ஓடியாந்து வாசல்ல நிக்கிது. அவரு அதைப் பாத்து, "அம்மாடி, அப்பா வரிசை வச்சிட்டேன்"னாரு. திரும்பி நடந்துட்டாங்க. கன்னுக்குட்டியக் கூடப் பாக்கல.

சுகந்தி என் மூஞ்சியப் பாக்கல. நேரா எறங்கி, கோலத்து மேல கால வச்சு, நடுவுலயே நடந்து போச்சு. ரெண்டு தட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுத் தூக்குச்சு. வாசல் வழியா உள்ள வரல. பக்கத்துச் சந்துல பூந்து, சுத்திக்கிட்டு, கொல்லப்பக்கமா வந்துச்சு.

மவன் வண்டியில தொரத்திக்கிட்டுப் போனான். மாமா பஸ்ஸு ஏறிட்டாரும்மான்னு திரும்பி வந்தான். எங்க வீட்டுக்காரரு அந்த அரிசியிலதான் பொங்க வைக்கணும்னு சொன்னாரு. வச்சோம். நல்லாத்தான் பொங்குச்சு. எனக்கு எறங்கல.

அதுக்கப்பறம் அவங்க எங்க வீட்டுக்கு வரல. தோப்புலயே தார்ப்பாயக் கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். ரெண்டு மழக்காலம் தார்ப்பாயிக்கு அடியில. எனக்கு அப்பறந்தான் தெரியும். ஏசி போட்ட ரூம்பு மாடியில சும்மாக் கெடந்துச்சு.

மருமவ சண்ட போட்டாளான்னு கேக்குறீங்க. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்மா. ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல. அத்தை அத்தைன்னுதான் கூப்புடுது. எனக்குக் காய்ச்சல்னா பக்கத்துலயே உக்காந்திருக்கும். ஆனா அந்தப் போகிலேருந்து இன்னிய வரைக்கும் ஆறு வருஷமா என் மருமவ வாசப்படியில கால வைக்கல. கடைக்குப் போனாலும் கொல்லப்பக்கம், கோயிலுக்குப் போனாலும் கொல்லப்பக்கம். மொதல்ல நான் கவனிக்கல. கவனிச்சப்பறம் கேக்கப் பயமா இருந்துச்சு.

தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகணும், அவங்களுக்கு ஏது வீடு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்துச்சு. அவங்க அங்கயே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டுக் காருல வந்து எறங்குறா. நான் வாசல்ல ஆரத்தித் தட்டோட நிக்கிறேன், கற்பூரம் எரியுது. பாத்துச்சு. சிரிச்சுச்சு. "இருக்கட்டும் அத்தை"ன்னுட்டு, பச்சப் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு சந்துல பூந்து போயிடுச்சு. நான் தட்டோட நிக்கிறேன். தெரு பாக்குது. வாஸ்து சரியில்லன்னு ஜோசியரு சொன்னாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்பவும் அதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

போன வாரம் பேத்தி என்கிட்ட வந்து கேக்குது. அஞ்சு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பாயி, வாசல் உங்களுக்கு. கொல்ல அம்மாவுக்கும் எனக்கும். இல்ல?" அது சண்டையாக் கேக்கல. யாரு தட்டு எதுன்னு கேக்குற மாதிரிக் கேட்டுச்சு.

அதான் இந்தப் பானை. வேட்டி சேல எடுத்தேன். நெய்யி இருக்கு, அந்தக் கன்னுக்குட்டி இப்பப் பசுவாயி நிக்கிது, அதோட பால்ல எடுத்தது. யாரோ கட்டிக் குடுத்த வீட்டுல இப்ப இருக்காங்களாம். நான் போயி அவங்க வாசலுக்கு வெளிய நிக்கப் போறேன். தட்ட வச்சிக்கிட்டு, அவரு கூப்புடுற வரைக்கும். கொல்லப்பக்கமாப் போன்னு சொன்னாலும் சரின்னு போவேன். சொல்லணும்மா அவரு. ஊரு பாக்கச் சொல்லணும். அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு நாலு பேரு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடணும். அப்பத்தான் எனக்கு...

ஏம்மா, ஏன் அழுவுறீங்க? ஐயையோ, நான் ஒருத்தி. இந்தாங்க தண்ணி.

என்னா? தெரியுமா? கலியமூர்த்தியத் தெரியுமா உங்களுக்கு? பெரியப்பா மொறையா!

அட பாவி மனுஷி, இத முன்னாடியே சொல்லப்படாதா? நான் எங்க பேச விட்டேன்ங்கறீங்களா. அதுவும் சரிதான். ஐயோ, எல்லாத்தையும் கொட்டிட்டேனே. நீங்க ஏற்கனவே கேட்ட கததானா இது? ஊருல எல்லாருக்கும் தெரியுமா? என்னையப் பத்தி அவரு என்ன சொல்லி வச்சிருக்காரு? பரவால்ல, சொல்லுங்க. நான் கேட்டுக்கத்தான வந்திருக்கேன்.

ம்.

மாடி ரூம்பு குடுத்தேன்னா சொன்னாரு?

ம். தங்கமா வச்சிருந்தாங்க, போகவே கூடாதுன்னாங்க, தோப்பப் பாக்காம இருக்க முடியாம நாங்கதான் வந்துட்டோம்னா. அப்பறம்? வரிசையா? அதயும் சொன்னாரா? சொல்லுங்கம்மா, பாதியில நிறுத்தாதீங்க.

ஆரத்தியா?

நானா? கோலத்து மேல நடந்து வாங்க சம்பந்தின்னு, ஆரத்தி எடுத்து, ரெண்டு கையாலயும் வாங்கினேன்னா? ரேஷன் அரிசின்னு பாக்காம வாங்கினாங்க, மொளச்ச தேங்காயக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்கன்னா? அப்புடியா சொன்னாரு? எல்லார்கிட்டயும்? ஆறு வருஷமாவா?

காசியம்மா? அதும் கூடவே நின்னு தலையாட்டுச்சா.

...

என்னைய ரெண்டு வார்த்த வஞ்சிருக்கலாமேம்மா. அந்த மூதேவி வீட்டுல கால வைக்கமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. நான் அதுக்குத்தான தயாரா வந்தேன். வெக்கமா இருக்கும்மா. எனக்கு ஒடம்பு பூரா வெக்கமா இருக்கு. என்னையப் பாக்காதீங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

நான் இப்பப் போயி அவரு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டா, அவரு சொன்னது பொய்யாயிடும்ல? ஊரே கேக்குமே, ஏன் மன்னிப்புன்னு. சம்பந்தி வீட்டுல தலப்பொங்கலாட்டம் மரியாதைன்னு ஊரு முன்னாடி நிமிந்து நிக்கிற மனுஷன நான் போயித் தல குனிய வைக்கணுமா, மறுபடியும்? என் மனசாற, என் பாரம் எறங்க? அன்னிக்கும் எனக்காகத்தான் பேசினேன். இன்னிக்கு வந்ததும் எனக்காகத்தான் போலருக்கு.

இல்லம்மா, சொல்ல மாட்டேன். நீங்களும் இப்பக் கேட்டதையெல்லாம் மறந்துடுங்க. உங்க வீட்டுல கூடச் சொல்லாதீங்க. எனக்காக இல்ல, அவரு சொன்னது அப்புடியே இருக்கட்டும். மாப்ள அம்மா எதுக்குப் பானையோட வந்தான்னு யாராவது கேட்டா, புது வீட்டுக்குக் கொண்டாந்தாங்கன்னு சொல்லுங்க.

இதா பிரிவு? இங்கயா? ஏய் தம்பி, நிறுத்துப்பா, ஆளு எறங்கணும், கரும்பு இருக்கு. இந்தாம்மா, பானையக் கொஞ்சம் புடிங்க. நெய் சாயாமப் பாத்துக்கங்க. ம், எறங்கிட்டேன், குடுங்க.

அதோ தெரியுதே, அதா வீடு? பச்சக் கலரு சுவரு? வாசல்ல உக்காந்திருக்கிறது அவருதான? எந்திரிக்கிறாரும்மா. பாத்துட்டாரு. துண்ட எடுத்துத் தோள்ல போடுறாரு, உள்ள பாத்து என்னமோ கொரல் குடுக்குறாரு. ஐயோ, செம்புல தண்ணி கொண்டாரச் சொல்றாரும்மா.

ஏம்மா, சீக்கிரம் சொல்லுங்க. அவங்க வீட்டுக்குக் கொல்லப்பக்கமா வழி இருக்கா?